படத்தில் பெரிதாக இருந்தது நேரில் ஏன் சிறிதாகத் தெரிகிறது?

வாசகர் கேள்வி - பதில். இந்த இதழில், பழைய நகரங்களைச் சுற்றிப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகள்.

கேள்வி: பாரிஸில் மோனலிசாவையும், பிரஸ்ஸல்ஸில் சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலையையும் பார்த்தோம். ‘இதற்கா இத்தனை கூட்டம்?’ என்று சப்பென்று ஆகிவிட்டது. எங்களுக்கு ரசனை இல்லையா?

ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. மோனலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். பிரஸ்ஸல்ஸ் சிறுவன் அரை மீட்டரைச் சற்றே தாண்டுவான். கோபன்ஹேகன் கடற்கன்னி சிலை ஒன்றேகால் மீட்டர். புத்தகத்திலும் திரையிலும் பார்க்கும்போது பக்கத்தில் ஆள் யாரும் நிற்பதில்லை, அதனால் அளவு பிடிபடாது. போதாக்குறைக்கு, அந்தப் படத்தை எடுத்தவர் விடியற்காலையில் காத்திருந்து, தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, குப்பைத் தொட்டியையும் கூட்டத்தையும் வெட்டிவிட்டு எடுத்திருப்பார். மனத்தில் பதிந்திருப்பது அந்தப் படம். நீங்கள் போய்ச் சேர்வதோ பிற்பகல் இரண்டு மணிக்கு.

வாடிக்கையாளர் திருப்தியை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆலிவர் 1980-இல் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: பொருள் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளிதான் திருப்தியைத் தீர்மானிக்கிறது. சமூகவியலாளர் ஜான் அரி 1990-இல் இதையே பயணிகளின் பார்வை பற்றிச் சொன்னார். பயணி வெறுங்கண்ணோடு வருவதில்லை, பழக்கப்பட்ட கண்ணோடு வருகிறார். ஏற்கெனவே பார்த்த படத்தைத் தேடுகிறார், கண்டுபிடிக்கிறார், அதையே இன்னொரு முறை படமெடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.

கிளம்பும் முன் ஓர் இடத்தின் படங்களை நூறு பார்ப்பதற்குப் பதில், ஒரே ஒரு படமும் அதன் தரைப்படமும் அளவுகளும் பாருங்கள். அடுத்து, அந்த இடத்துக்கு எந்த வழியாக வந்து சேர்கிறோம் என்பதில் கவனம் வையுங்கள். ஜோர்டானின் பெட்ராவில் பாறைப் பிளவுக்குள் சுமார் 1.2 கி.மீ. நடந்த பிறகுதான், கடைசி வளைவில் கருவூலம் எனப்படும் 40 மீட்டர் உயர முகப்பு கீற்றுப்போலத் தெரியும். அந்த நடை இல்லாவிட்டால் முகப்பின் மதிப்பில் பாதி போய்விடும். கோட்டைச்சுவர் உள்ள ஊர் எதுவானாலும் பஸ்ஸில் நேரே நடு ஊரில் போய் இறங்காதீர்கள். வெளியே இறங்கி, வாசல் வழியாக நடந்து நுழையுங்கள்.

இன்னொன்று. மோனலிசா இருக்கும் அதே அறையில், எதிர்ச்சுவரில், வெரொனேசே வரைந்த கானா ஊர்த் திருமண விருந்து தொங்குகிறது. ஏறத்தாழ 6.8 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம். இரண்டும் இருக்கும் லூவர் அருங்காட்சியகத்திலேயே பெரிய ஓவியம். அறையில் இருக்கும் அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அடுத்த முறை திரும்பி நில்லுங்கள்.

கேள்வி: மூன்று நாள்தான் இருக்கிறது, பட்டியலில் 14 இடம். எப்படி முடிப்பது?

முடிக்க முடியாது. கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய இடம் என்றால் பாதுகாப்புச் சோதனை வரிசை அரைமணி, உள்ளே இரண்டு மணி, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் 20 நிமிடம், அடுத்த இடத்துக்கு நடை அரைமணி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு நாளைக்குப் பெரியது இரண்டு. நடுவே வழியில் கிடைக்கும் சின்னது ஒன்று. அதற்கு மேல் சேர்த்தால் பார்த்ததாகப் பேர் இருக்கும், நினைவு இருக்காது.

இது சோம்பல் இல்லை. அருங்காட்சியகக் களைப்பு என்றே இதற்குப் பெயர். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் 1916-இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு மனிதரைக் காட்சிப் பெட்டிகளின் முன் நிறுத்தி, ஒவ்வொன்றையும் பார்க்க அவர் எப்படிக் குனிகிறார், மண்டியிடுகிறார், எட்டிப் பார்க்கிறார் என்று படமெடுத்துக் காட்டினார். களைப்புக்கு உடல் மட்டும் காரணமில்லை. முதல் அரைமணி, முக்கால் மணி வரை ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று பார்ப்பவர், அதன் பிறகு கண்ணால் மேய்ந்துகொண்டே வாசலைத் தேட ஆரம்பித்துவிடுவார். ஆகவே உள்ளே நுழைந்ததும் நுழைவாசலுக்குப் பக்கத்து அறைகளில் சக்தியைச் செலவழிக்காதீர்கள். எதற்காக வந்தீர்களோ அந்த அறைக்கு நேரே போங்கள். மற்றதைத் திரும்பும் வழியில் பார்க்கலாம்.

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: விடவே முடியாதவை (நான்குக்கு மேல் கூடாது), வெளியிலிருந்து பார்த்தாலே போதுமானவை, மழை வந்தால் ஒதுங்க உதவுபவை. ஊர் போய்ச் சேர்ந்த அன்று அருங்காட்சியகமே வேண்டாம். தூக்கம் கெட்ட கண்ணுக்குக் கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வெளிச்சத்தில் தெருவில் நடங்கள்.

விடுமுறை நாளைப் பார்க்காமல் போடும் திட்டம் கவிழ்ந்துவிடும். லூவருக்கும் இஸ்தான்புல் டோப்காபி அரண்மனைக்கும் செவ்வாய் விடுமுறை. புளோரன்ஸின் உஃபிசி, அகாதெமியா கலைக்கூடங்களுக்குத் திங்கள். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்; மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், அன்றைக்கு இலவசம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். மூடியிருந்த நாளுக்கு முன்னும் பின்னும் நெரிசல் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் நேரம் குறித்து டிக்கெட் எடுத்திருந்தும் ஓர் அரண்மனையில் உள்ளே விடவில்லை. பத்து நிமிடம்தான் தாமதம். இப்படியும் செய்வார்களா?

செய்வார்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரம் எந்த வாசலுக்கு என்பதைப் பலர் பார்ப்பதில்லை. ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளின் வாசலுக்கு உரிய நேரம். வெளிவாசலில் நுழைந்து அங்கே போய்ச் சேரவே 15, 20 நிமிடம் நடக்க வேண்டும். வெளிவாசலுக்குச் சரியான நேரத்தில் வந்தவர் அங்கே தாமதமாகத்தான் நிற்பார். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கேட்பார்கள். அறையில் வைத்துவிட்டு வந்தால் அவ்வளவுதான்.

இந்தக் கெடுபிடி வீம்புக்குச் செய்வது அல்ல. ஏதென்ஸின் பழைய குன்றுக்கோட்டையான அக்ரோபொலிஸில் 2023 முதல் நாளொன்றுக்கு 20,000 பேர் என்று மணிவாரியாகப் பிரித்து விடுகிறார்கள். இத்தாலியின் பழைய நகர இடிபாடான பொம்பேயி 2024 நவம்பரில் அதே எண்ணிக்கையில் வரம்பு போட்டது. ஒரு மணி நேரத்து ஆள்களை அடுத்த மணிக்குத் தள்ளினால் நாள் முழுதும் சரிந்துவிடும்.

எடுக்கும்போது பார்க்க வேண்டியவை: அது அந்த நினைவுச்சின்னத்தின் சொந்தத் தளம்தானா (தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் விளம்பரம்), எந்த வாசல், பெயர் மாற்ற முடியுமா, பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம். பை சங்கதியில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். பெரிய முதுகுப்பையைப் பாதுகாப்பறையில் கொடுக்கச் சொல்வார்கள். அங்கே ஒரு வரிசை இருக்கும், உங்கள் நேரம் அதில் கரையும்.

கேள்வி: புளோரன்ஸ் சதுக்கத்தில் டேவிட் சிலை முன் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டோம். பிறகுதான் அது நகல் என்று தெரிந்தது. பழைய நகரங்களில் எதுதான் அசல்?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மைக்கலாஞ்சலோவின் டேவிட் 1873-இல் அகாதெமியாவுக்குள் போய்விட்டது. சதுக்கத்து நகல் 1910-இல் வைத்தது. ரோமில் கபிதோலினோ குன்றின் நடுவே குதிரை மேல் அமர்ந்திருக்கும் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸும் நகல்தான். அசல் பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறார். வெனிஸ் புனித மார்க் ஆலயத்து முகப்புக் குதிரைகள் நான்கும் அப்படியே. அக்ரோபொலிஸில் கூரையைத் தலையில் தாங்கும் ஆறு பெண் சிலைகளும் நகல்கள். அசலில் ஐந்து ஏதென்ஸ் அருங்காட்சியகத்திலும் ஒன்று லண்டனிலும் இருக்கின்றன. மழை, வாகனப் புகை, புறா எச்சம் இவற்றுக்கு வெண்கலமும் சலவைக்கல்லும் தாங்குவதில்லை. வெளியே இருப்பது இடத்தைக் காட்டுகிறது, உள்ளே இருப்பது வேலைப்பாட்டைக் காட்டுகிறது. முடிந்தால் இரண்டையும் பாருங்கள், வெளியே இருப்பதை முதலில்.

சிலையை விடுங்கள், சில ஊர்களே மறுபடி கட்டியவை. போலந்துத் தலைநகர் வார்சாவின் பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் 1944-இல் அழிக்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் பெல்லோத்தோ வரைந்து வைத்திருந்த நகர்க்காட்சிகளையும் உதவிக்கு வைத்துக்கொண்டு எழுப்பினார்கள். 1980-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது, மறுகட்டுமானம் என்பதற்காகவே. வெனிஸின் மணிக்கூண்டு 1902-இல் பொலபொலவென்று சரிந்தது. ‘இருந்த இடத்தில், இருந்தபடியே’ என்று முடிவெடுத்து 1912-இல் திறந்தார்கள். பிரான்சின் கார்கசோன் கோட்டையில் நீங்கள் பார்க்கும் கூம்புக் கூரைகள் பலவும் 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-தூக் தொடங்கிய புதுப்பிப்பின் விளைவு. இவற்றையெல்லாம் பொய் என்று தள்ளினால் ஜப்பானின் இசே ஆலயத்தை என்ன செய்வீர்கள்? 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புது மரத்தில் அதே அளவில் கட்டி எழுப்புகிறார்கள், கடைசியாக 2013-இல். மரம் புதிது, கட்டும் கைமுறை பழையது. அசல் என்பதற்கு ஒரே அளவுகோல் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது என்று 1994-இல் ஜப்பானின் நாராவில் கூடிய வல்லுநர்கள் எழுதியே வைத்தார்கள்.

கண்ணால் பிரித்தறிய ஒரு வழி உண்டு. 1964-இன் வெனிஸ் சாசனம், பழுது பார்க்கும்போது புதிதாகச் சேர்க்கும் பகுதி மொத்தத்தோடு இசைய வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்துச் சொல்லக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இதை வெகு முன்பே செய்து காட்டியது ரோமின் டைட்டஸ் வளைவு. 1820-களில் கட்டடக் கலைஞர் வலாதியே அதைச் சீராக்கியபோது, அசல் சலவைக்கல்லுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே சொரசொரப்பான டிராவர்டைன் கல்லை வைத்தார். அருகில் போய்ப் பாருங்கள். நடுவே இருக்கும் பழைய அரைத்தூண்களில் நெடுக வரிவரியாகக் குடைவு ஓடும், ஓரத்துப் புதிய தூண்கள் மொழுமொழுவென்று இருக்கும். ஒரு தடவை இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், பிறகு எந்த ஊரிலும் சுவரில் நிறம் மாறும் கோட்டைக் கண் தானாகத் தேடும்.

கேள்வி: கைடு வைத்துக்கொள்ளாமல் ஒரு கட்டடத்தை நாமே பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி?

ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனை வைத்தே சொல்கிறோம், முறை எங்கும் ஒன்றுதான்.

வெளியே ஐந்து நிமிடம் நில்லுங்கள். முகப்பில் பெரிய எழுத்தில் ‘அக்ரிப்பா கட்டினார்’ என்று இருக்கும். நம்ப வேண்டாம், அக்ரிப்பாவின் கட்டடம் எரிந்துபோய், இப்போது இருப்பது சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முடிந்தது. பழைய பெயரையே மேலே பொறித்துவிட்டார்கள். கல்வெட்டு சொல்வதும் கட்டடம் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்து, எது மாறியிருக்கிறது என்று தேடுங்கள். முகமண்டபத் தூண்கள் 16. இடப்பக்க ஓரத்தில் மூன்று, 17-ஆம் நூற்றாண்டில் மாற்றப்பட்டவை. மாற்றிய போப்பாண்டவர்கள் தங்கள் குடும்பச் சின்னத்தையும் தூண் தலைப்பில் செதுக்க மறக்கவில்லை. ஒன்றில் தேனீ இருக்கும், தேடுங்கள்.

உள்ளே போனதும் உடனே அண்ணாந்து பார்க்காதீர்கள். முதலில் தரை. நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கும், சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். கூரையின் நடுவே கண்ணாடி இல்லாத திறப்பு இருப்பதால் மழை உள்ளே பெய்யும். தண்ணீர் வடியத்தான் அந்த ஓட்டைகள். இப்போது மேலே பாருங்கள். குவிமாடத்தின் விட்டமும், தரையிலிருந்து உச்சி வரையிலான உயரமும் ஒன்று, சுமார் 43 மீட்டர். அதாவது ஒரு முழுப் பந்தை உள்ளே வைக்கலாம். அடியில் சுமார் 6 மீட்டர் கனமாகத் தொடங்கும் கான்கிரீட், உச்சியில் ஒன்றேகால் மீட்டருக்கு மெலிகிறது. கீழே கனமான கல்லும், மேலே போகப் போக நுரைக்கல்லும் கலந்திருக்கிறார்கள். கம்பி கிடையாது. எடையைக் குறைத்ததுதான் சூட்சுமம்.

வெளியே நின்று மொத்தம், பிறகு எது மாறியது, பிறகு தரை, பிறகு கூரை. தண்ணீர் எங்கே போகிறது, எடை எங்கே இறங்குகிறது என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுக்கொண்டே பார்த்தால் எந்தக் கட்டடமும் பேச ஆரம்பிக்கும். கைடு வேண்டியது வேறு வகை இடத்தில்: இடிபாடுகள் மட்டும் மிஞ்சிய ரோமன் ஃபோரம் மாதிரி இடங்களில் அடித்தளக் கற்களை வைத்து நாமாக ஒன்றும் கட்டிப் பார்க்க முடியாது. அங்கே நல்ல கைடுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

கேள்வி: ஆயிரக்கணக்கில் படம் எடுத்து வருகிறோம். ஆனால் பார்த்தது எதுவும் நினைவில் நிற்பதில்லை. ஏன்?

கேமராவிடம் வேலையை ஒப்படைத்ததும் மூளை கையைக் கழுவிவிடுகிறது. லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் சில பொருள்களை வெறுமனே பார்க்கவும் சிலவற்றைப் படமெடுக்கவும் மாணவர்களிடம் சொன்னார். முழுப் பொருளையும் படமெடுத்தவர்களுக்கு மறுநாள் நினைவு குறைவாக இருந்தது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த நஷ்டம் ஏற்படவில்லை. எதை நெருக்குவது என்று யோசிக்கும்போதே பார்த்துவிடுகிறோம் அல்லவா! அதனால் முழுக் கட்டடத்துக்கு ஒரு படம் போதும். மற்றவை கைப்பிடி, தேய்ந்த படி, மூலையில் உடைந்த முகம் என்று துண்டு துண்டாக இருக்கட்டும். படம் எடுக்குமுன் ஒரு நிமிடம் வெறுங்கண்.

வெளிச்சம் பற்றியும் சொல்லிவிடலாம். ஐரோப்பாவின் பழைய பேராலயங்கள் பெரும்பாலும் பலிபீடம் கிழக்கே, முகப்பு மேற்கே என்று அமைந்தவை. காலையில் போனால் முகப்பு நிழலில் இருட்டாக இருக்கும். மாலை நான்கு மணிக்குச் சிற்பங்கள் துலங்கும். வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு இதே கணக்கு உள்ளிருந்து: கிழக்கு ஜன்னல் காலையில், மேற்குப் பக்க வட்ட ஜன்னல் மாலையில். ரோமின் புனித பேதுரு பேராலயம் விதிவிலக்கு, அதன் முகப்பு கிழக்கே, காலையில் போங்கள். கம்போடியாவின் அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. சூரிய உதயத்துக்கு அங்கே குளக்கரையில் முண்டியடிக்கும் கூட்டம் பார்ப்பது கோபுரங்களின் கறுப்பு நிழலுருவைத்தான். கல்லின் நிறம் வேண்டுமென்றால் பிற்பகலில் திரும்பி வர வேண்டும்.

கேள்வி: சில நகரங்களில் ஊர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகளிடம் சிடுசிடுக்கிறார்கள். காசு கொண்டுவருபவர்களிடமே கோபமா?

காசு எல்லார் கைக்கும் போவதில்லை, கூட்டம் மட்டும் எல்லார் வாசலுக்கும் வருகிறது. வெனிஸின் தீவு நகரத்தில் 1950-களின் தொடக்கத்தில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். இன்று 50,000-க்கும் குறைவு. வீடுகள் பயணிகளுக்கான வாடகை அறைகள் ஆகிவிட்டன. காலையில் வந்து நான்கு மணி நேரம் சுற்றிவிட்டு மாலையில் போகிறவர்களிடம், 2024 முதல் குறிப்பிட்ட நாள்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அது இல்லை. குரோஷியாவின் துப்ரோவ்னிக் ஒரே சமயத்தில் வரக்கூடிய உல்லாசக் கப்பல்களுக்கு வரம்பு போட்டிருக்கிறது. ஜப்பானின் கியோத்தோவில் கியோன் பகுதியில், கெய்ஷா எனப்படும் ஆடல் பாடல் கலைஞர்களைக் கேமராவோடு துரத்தியவர்களால் 2024-இல் தனியார் சந்துகளில் பயணிகள் நுழையவே தடை வந்தது.

பயணிக்கும் இதில் லாபம் இருக்கிறது. இரவு தங்குங்கள். பகல் கூட்டம் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் நீங்கள் பார்ப்பது கிட்டத்தட்ட வேறொரு ஊர். கப்பல் வரும் துறைமுக நகரமானால் அன்றைக்கு எத்தனை கப்பல் என்ற அட்டவணை துறைமுகத் தளத்திலேயே கிடைக்கும். அதைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள். சந்தில் நடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக, ஓரமாக. வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். அது யாரோ ஒருவருடைய வீட்டுப் படி.

கேள்வி: முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறோம். என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

படி எண்ணிக்கையை முன்கூட்டியே பாருங்கள். புளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. குவிமாடத்தின் உள்ளோட்டுக்கும் வெளியோட்டுக்கும் நடுவே குறுகலாக ஏறும் வழி அது, பாதியில் மூச்சு வாங்கினாலும் திரும்பி வருவது லேசல்ல. புனித பேதுரு பேராலயத்தில் 551. லிஃப்டில் போனாலும் மேலே 320 படி மிச்சம் இருக்கும். ‘லிஃப்ட் உண்டு’ என்ற ஒரு வரியை நம்பி ஏறி மாட்டிக்கொள்பவர்கள் இங்கேதான் அதிகம். அக்ரோபொலிஸில் நடக்க முடியாதவர்களுக்குத் தனி லிஃப்ட் இருக்கிறது, பிரதான வாசலில் நிற்காமல் முன்பே கேட்டு வையுங்கள்.

படியைவிட மோசம் கல் பாவிய தரை. சின்னச் சதுரக் கற்களில் குதிகால் ஒரு பக்கமும் விரல் ஒரு பக்கமும் சாயும். கணுக்கால் ஓயாமல் சமன் செய்துகொண்டே இருப்பதால் சமதளத்தில் வராத வலி அங்கே வரும். நூற்றாண்டுகளாகத் தேய்ந்த கல் மழையில் கண்ணாடிபோல வழுக்கும். தடித்த, வளையாத அடிப்பாகமும் பிடிப்புமுள்ள காலணி போட வேண்டும். அதுவும் புதிதாக வாங்கியது கூடாது, இரண்டு வாரமாவது போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் சக்கர நாற்காலி இலவசமாகக் கொடுப்பார்கள், அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: ஓவியங்களைப் பார்த்து மயக்கம் போட்டு விழுவார்கள் என்கிறார்களே, நிஜமா?

1817-இல் புளோரன்ஸின் சாந்தா குரோச்சே ஆலயத்திலிருந்து வெளியே வந்தபோது நெஞ்சு படபடத்து விழுந்துவிடுவோமோ என்று பயந்ததாக எழுத்தாளர் ஸ்டெந்தால் எழுதினார். அதே ஊர் மனநல மருத்துவர் கிராசியெல்லா மாகெரினி, இப்படி மருத்துவமனைக்கு வந்த 106 பயணிகளை ஆராய்ந்து ஸ்டெந்தாலின் பெயரையே இந்த நிலைக்கு வைத்தார். ஆனால் பெரும்பாலோருக்கு வரும் தலைசுற்றலுக்குக் கலை காரணமாக இருப்பதில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், வெயில் வரிசையில் நின்று, பிறகு 20 நிமிடம் கழுத்தை ஒடித்துக் கூரை ஓவியத்தைப் பார்த்தால் யாருக்கும் சுற்றும். உட்கார்ந்து பாருங்கள், தண்ணீர் குடியுங்கள்.

கேள்வி: பழைய தெருக்களில் செல்போன் மேப் குழம்புகிறது. விலாசமும் புரிவதில்லை. வாடகைக் கார் எடுத்துவிட்டால் தொல்லை விடுமா?

மேப் குழம்பக் காரணம் சுவர்கள். செயற்கைக்கோள் அலை நேராகப் போனை வந்தடைய வானம் தெரிய வேண்டும். இரண்டு மீட்டர் சந்தில், ஐந்து மாடிச் சுவர்களுக்கு இடையே, அலை சுவரில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வருகிறது. போன் உங்களைப் பக்கத்துச் சந்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது. நீலப் புள்ளி குதித்தால் அதைத் துரத்தாமல், அடுத்த சதுக்கத்துக்குப் போய் ஒரு நிமிடம் நில்லுங்கள், சரியாகிவிடும். மேப்பை முன்பே இறக்கி வையுங்கள்.

அதைவிட நம்பகமானது பழைய முறை. நகரமைப்பு ஆய்வாளர் கெவின் லிஞ்ச் 1960-இல் சொன்னார்: மக்கள் ஊரை மனத்தில் வைத்திருப்பது வழிகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் என்ற ஐந்தாக. முதல் நாள் உயரமான ஓரிடம் ஏறி, ஆறு எந்தப் பக்கம், உயர்ந்த கோபுரம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குள் வழி தவறினால் சரிவைக் கவனியுங்கள்: கரவிய்யீன் பள்ளிவாசல் பக்கம் தாழ்வு, அங்கிருந்து ஏற்றமாகப் போகும் பெரிய தெருவைப் பிடித்தால் பாப் பூஜலூத் வாசலில் வந்து நிற்பீர்கள். நடுவே ‘பாலக்!’ என்று குரல் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னால் சுமை ஏற்றிய கழுதை வருகிறது என்று அர்த்தம்.

விலாசத்துக்கு ஊருக்கு ஊர் தனி இலக்கணம் உண்டு. வெனிஸில் வீட்டு எண் தெருவுக்கு அல்ல, வட்டாரம் முழுமைக்கும் ஒரே தொடர். அதனால் ஐயாயிரத்துக்கு மேலும் எண் வரும், பக்கத்து எண் ஒரு மூலை தள்ளி இருக்கும். தங்குமிடத்தாரிடம் எண்ணோடு, பக்கத்தில் உள்ள பாலம் எது, படகுத் துறை எது என்றும் கேளுங்கள். பாலத்துக்குப் பாலம் படி என்பதால் பெட்டியைத் தூக்கித்தான் போக வேண்டும். எந்தத் துறையில் இறங்கினால் பாலம் குறைவு என்பதும் தெரிந்துவிடும். புளோரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு தொடர் ஓடும்: கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீலம். சிவப்பு 15-உம் கறுப்பு 15-உம் நூறு மீட்டர் தள்ளி இருக்கலாம்.

கார் வேண்டவே வேண்டாம். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் போக்குவரத்துத் தடை வட்டாரம் உண்டு, இசட்.டி.எல். என்று பலகை இருக்கும், சிவப்பு வட்டம் போட்டிருக்கும். தடுப்புக் கட்டை இருக்காது, போலீஸ்காரர் இருக்க மாட்டார், கேமரா மட்டும் நம்பரைப் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு நுழைவும் தனிக் குற்றம். வழி தெரியாமல் மூன்று முறை சுற்றினால் மூன்று அபராதம். தங்குமிடம் உள்ளேதான் என்றால், வருமுன் வண்டி நம்பரை அவர்களிடம் கொடுத்து அனுமதிப் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள். விட்டுவிட்டால், ஊர் திரும்பிப் படமெல்லாம் எல்லாருக்கும் காட்டி முடித்துப் பல மாதம் கழிந்த பிறகு, வாடகைக் கம்பெனி உங்கள் கார்டில் முதலில் நிர்வாகச் செலவைக் கழிக்கும். அபராதச் சீட்டு அதற்கப்புறம் தபாலில் வரும்.